கண்ணுக்கு ஒரு வெளிச்சம், இலைக்கு ஒரு வெளிச்சம்

செடிக்கு விளக்கு வாங்குவது என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். சாயங்காலம் துளசி மாடத்தில் அகல் ஏற்றி வளர்ந்தவர்கள் நாம். அந்த அகல் துளசி வளர்வதற்காக ஏற்றியது அல்ல. வளர்ப்பதற்குத் தலைக்கு மேல் சூரியன் இருந்தான். அதற்கு பில் வரவில்லை.

இப்போது நிலைமை வேறு. முற்றம் வைத்த வீட்டை விற்று, பங்கு பிரித்து, அடுக்கு மாடியில் இரண்டு அறை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நம்மில் பலர். தொட்டியில் துளசி, கற்பூரவல்லி, கொஞ்சம் புதினா, ஒரு மணி பிளாண்ட். பக்கத்து மனையில் மூன்று தளம் எழும்பியதும் வெயில் போய்விடுகிறது. இலை வெளுக்கிறது, தண்டு நீண்டு சாய்கிறது. கடையில் கேட்டால் ஊதா நிறத்தில் எரியும் "குரோ லைட்" ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். முந்நூறு ரூபாயிலும் இருக்கிறது, ஆறாயிரம் ரூபாயிலும் இருக்கிறது. பென்ஷன் பணத்தில் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்டவர்கள் மட்டும் நான்கு பேர்.

விலையைச் சொல்வதற்கு முன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி புதிதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்கான பதிலில் பாதி பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. சிறு வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அலுவலகத்தில் கோப்பு எழுதியது போக, அந்தப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

பள்ளியில் எங்களுக்கு "லெசோன் த ஷோஸ்" என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்துக் கற்கும் பாடம். ஈரப் பஞ்சில் இரண்டு அவரை விதை வைத்து, ஒன்றை ஜன்னலோரத்திலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைக்கச் சொல்வார் ஆசிரியர். பத்து நாள் கழித்து எடுத்தால், ஜன்னல் செடி குட்டையாக, பச்சையாக நிற்கும். அலமாரிச் செடி அதைவிட உயரமாக, வெளிறிய மஞ்சளாக, நிற்கத் தெம்பில்லாமல் மடிந்து கிடக்கும். உயரமாக வளர்ந்ததுதான் ஆரோக்கியமானது என்று நாங்கள் சொன்னபோது ஆசிரியர் சிரித்தார். இருட்டில் செடி உயர்வது வளர்ச்சி அல்ல, வெளிச்சத்தைத் தேடி ஓடுவது என்றார். இன்று நம் ஜன்னலோரத் தொட்டியில் கணு கணுவாக இடைவெளி விட்டு நீளும் துளசியும் அதைத்தான் செய்கிறது.

இலைக்கு வெளிச்சம்தான் சாப்பாட்டைச் சமைக்கும் நெருப்பு என்பது 1779இல் தெரியவந்தது. இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், செடியின் பச்சைப் பாகம் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, மூச்சுக்கு உகந்த காற்றை வெளியிடுகிறது என்று காட்டினார். வெயிலின் சூடு காரணமல்ல, அதன் ஒளிதான் காரணம் என்பதும் அவர் கண்டது. மூன்று ஆண்டு கழித்து ஜெனீவாவில் செனபியே என்ற பாதிரியார் அடுத்த படிக்குப் போனார். அவர் நகரத்து நூலகத்துக்கும் பொறுப்பாளர். கரியமில வாயு இருந்தால்தான் இலை அந்த வேலையைச் செய்யும் என்று கண்டவர் அவர். இரட்டைச் சுவர் உள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் செடியை வைத்து, சுவர்களுக்கு நடுவே நிறமுள்ள நீரை ஊற்றி, எந்த நிற ஒளியில் செடி என்ன செய்கிறது என்றும் பார்த்தார். இன்று கடையில் சிவப்பா நீலமா என்று நாம் கேட்கும் கேள்வியை 1782 வாக்கிலேயே கேட்டுவிட்டார்கள்.

சூரியனுக்குப் பதில் விளக்கை வைத்தால் செடி ஏமாறுமா? இதைச் சோதித்தவர் தெ கான்தோல். அவரும் ஜெனீவாக்காரர், பாரிசில் வேலை செய்தவர். அவர் எடுத்துக்கொண்ட செடி நம் ஊர் வாய்க்கால் ஓரமெல்லாம் படரும் தொட்டாற்சிணுங்கி. பிரெஞ்சில் அதற்கு "சான்சித்தீவ்" என்று பெயர். உணர்ச்சியுள்ளவள் என்று பொருள். அந்தச் செடி ராத்திரியில் இலையை மடக்கிக்கொண்டு தூங்கும் என்பது நமக்குத் தெரியும். 1729இலேயே தெ மேரான் என்பவர், அதை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தாலும் நேரம் தவறாமல் விரித்து மூடுகிறது என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவித்திருந்தார். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

தெ கான்தோல் அந்தக் கடிகாரத்தையே திருப்பி வைக்க முடியுமா என்று பார்த்தார். பகலில் இருட்டிலும், இரவில் ஆறு விளக்குகளின் வெளிச்சத்திலும் செடியை வைத்தார். முதலில் சில நாள் அது குழம்பியது. பிறகு ராத்திரியில் விரிந்து பகலில் மடங்கத் தொடங்கியது. இந்த முடிவை அவர் 1806இல் வெளியிட்டார். இரவுப் பணி பார்க்கும் வாட்ச்மேன் போல் செடியையும் மாற்ற முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

அவர் வைத்தவை அர்கான் விளக்குகள். வட்டத் திரியின் நடுவே காற்று போகும்படி அமைத்து, மேலே கண்ணாடிக் குழல் வைத்த எண்ணெய் விளக்கு அது. 1780 வாக்கில் வந்தபோது உலகமே அதன் பிரகாசத்தைக் கண்டு வியந்தது. ஆனால் ஒரு அர்கான் விளக்கின் வெளிச்சம் ஆறேழு மெழுகுவத்திக்குச் சமம்; மிஞ்சினால் பத்து. ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் தரும் வெளிச்சத்தை ஏறக்குறைய 1 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஆறு விளக்கும் சேர்ந்து ஒரு மீட்டரில் நாற்பது ஐம்பது லக்ஸ். நம் ஊர் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். செடியின் தூக்கத்தைக் கலைக்க ஐம்பது போதும். அதன் வயிற்றை நிரப்ப ஐம்பது காணாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குரோ லைட் வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அளவு கூட வேண்டுமானால் மின்சாரம் வரவேண்டியிருந்தது. இரண்டு கரித் துண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து எரியும் ஆர்க் விளக்கு வந்தது. 1861இல் எர்வே மாங்கோன் என்ற பிரெஞ்சுக்காரர், இளம் முளைகள் அந்த விளக்கின் ஒளியில் பச்சை பிடிக்கின்றன, விளக்கை நோக்கி வளைகின்றன என்று காட்டினார். 1869இல் பிரில்லியோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், செயற்கை ஒளியிலும் இலை தன் சமையல் வேலையைச் செய்கிறது என்று நிரூபித்தார். ஒளி சூரியனிடமிருந்துதான் வரவேண்டும் என்று இலை அடம் பிடிப்பதில்லை.

அடுத்து வந்தவர் பணக்காரர். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பெயரெடுத்த பொறியாளர் வில்லியம் சீமன்ஸ். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊருக்கருகே தன் வீட்டுத் தோட்டத்தில் எஞ்சின் வைத்து, அதில் மின்சாரம் எடுத்து, 1400 மெழுகுவத்திக்குச் சமமான ஆர்க் விளக்கை எரித்தார். கடுகு, காரட், பீன்ஸ், வெள்ளரி, முலாம்பழம் என்று பலவற்றை அதன் கீழ் வளர்த்தார். எஞ்சினில் வீணாகும் சூட்டைக் கண்ணாடி வீட்டைக் கதகதப்பாக்கப் பயன்படுத்தினார். 1880இல் லண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், தன் விளக்கை இரண்டு மீட்டர் தூரத்தில் வைத்தால் அந்தப் பருவத்துப் பகல் வெளிச்சத்துக்குச் சமமாக வேலை செய்கிறது என்றார். அவர் சொன்ன பருவம் இங்கிலாந்தின் குளிர்காலம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே அப்போது பகலே மங்கலாகத்தான் இருக்கும்.

1881இல் பாரிசில் மாபெரும் மின்சாரக் கண்காட்சி நடந்தது. அங்கே தெயெரான் என்ற விவசாய ரசாயனப் பேராசிரியர் ஒரு சிறு கண்ணாடி வீடு கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் பகல் வெளிச்சமே இல்லை, மின் ஒளி மட்டும். மறு பாதியில் பகலில் சூரியன், இரவில் மின் ஒளி. மூடி இல்லாத ஆர்க் விளக்கின் கீழ் இலைகள் கருத்துப்போயின. நடுவே ஒரு கண்ணாடி வைத்ததும் கருகுவது நின்றது. அந்த விளக்கில் இருந்த, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்தான் இலையைத் தீய்த்தது. கண்ணாடி அதைத் தடுத்துவிட்டது. ஆனால் கருகாத செடிகளும் மின் ஒளியை மட்டும் நம்பி நன்றாக வளரவில்லை. முளைத்து வளரும் செடிக்கு அந்த அளவு ஒளி போதவில்லை. சீமன்ஸின் உற்சாகத்துக்குத் தெயெரான் ஒரு கடிவாளம் போட்டார். கண்ணைக் கூசவைக்கும் விளக்கு இலைக்கு அரை வயிற்றுக் கஞ்சியாக இருக்கலாம் என்பதுதான் அவர் சோதனையின் சாரம்.

எவ்வளவு வெளிச்சம் என்பது போல, எத்தனை மணி நேரம் என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெய்லி என்பவர் 1890களில் கண்ணாடி வீட்டில் ஆர்க் விளக்குகளை இரவில் எரித்துப் பார்த்தார. லெட்டூஸ் கீரை சீக்கிரம் வளர்ந்தது. ஸ்பினாச் கீரையோ இலை பெருக்குவதை விட்டுவிட்டுப் பூத்து விதைக்கு ஓடியது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அதற்கு விடை நெருங்கியவர் துர்னுவா என்ற பிரெஞ்சு இளைஞர். சணல் இனச் செடியையும் ஜப்பானிய ஹாப் கொடியையும் வைத்து ஆராய்ந்தார். தினமும் மிகக் குறைந்த நேரமே வெளிச்சம் காட்டினால் அவை இளம் பருவத்திலேயே பூத்துவிடுகின்றன என்று 1912இல் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, பகல் குறைந்ததைவிட இரவு நீண்டதுதான் காரணமாக இருக்கும் என்றும் எழுதினார். அதே 1914இல் போர் மூண்டது. களத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அந்தப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகத்தான் நம் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. தினமும் காலை நடையில் அதைக் கடந்துபோகும்போது, முடிக்காமல் விட்ட அவர் ஆராய்ச்சியும் எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது.

அந்த வேலையை முடித்தவர்கள் அமெரிக்க அரசு விவசாயத் துறையின் கார்னர், அல்லார்ட் இருவர். கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காமல் நின்ற ஒரு புகையிலை ரகத்தை, மாலைக்கு முன்பே இருட்டறைக்குள் தள்ளிப் பூக்கவைத்தார்கள். 1920இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, பகலின் நீளம்தான் பல செடிகளுக்குப் பஞ்சாங்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செவ்வந்தி அப்படிப்பட்ட செடி. இரவு நீண்டால்தான் பூக்கும். ஆகவே குரோ லைட் பக்கத்தில் செவ்வந்தித் தொட்டியை வைத்துவிட்டு, ஏன் பூக்கவில்லை என்று உரத்தைக் குறை சொல்லக் கூடாது.

இனி நிறத்துக்கு வருகிறேன். 1882இல் எங்கல்மான் என்ற ஜெர்மானியர், நுண்ணோக்கியின் கீழ் ஒரு பாசி இழையின் மேல் வானவில் நிறங்களை விழச் செய்தார். பிராணவாயுவைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களையும் அந்த நீரில் விட்டார். அவை சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும் மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் கூட்டம் இல்லை. இலைக்குச் சிவப்பும் நீலமும் போதும், பச்சை வேண்டாம் என்ற பேச்சுக்கு இந்த அழகான சோதனை ஒரு வலுவான ஆதாரமாகிவிட்டது.

தொண்ணூறு ஆண்டு கழித்து அதைத் திருத்தினார் மக்ரீ. அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த இவர், 22 வகைப் பயிர்களின் இலைகளை எடுத்து, ஒவ்வொரு நிற ஒளியிலும் எவ்வளவு வேலை நடக்கிறது என்று அளந்தார். சிவப்பு முதல் இடம்தான். ஆனால் பச்சை ஒளியும் நன்றாகவே வேலை செய்கிறது என்று 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டார். ஒரு மெல்லிய பாசி இழை வேறு, பல அடுக்கு உள்ள இலை வேறு. மேல் அடுக்கில் தப்பிய பச்சை ஒளி உள்ளே போய்ச் சிதறி, கீழ் அடுக்குகளுக்கு உணவாகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் ஏறக்குறைய எல்லாமே இலைக்குப் பயன்படும்.

பிறகு ஏன் ஊதா விளக்கு? அதற்குக் காரணம் இலையல்ல, விளக்குத் தொழில். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962இல் ஹொலன்யாக் செய்து காட்டியது. 1990 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், விண்வெளியில் செடி வளர்ப்பதற்காகச் சிவப்பு எல்.இ.டி.யின் கீழ் லெட்டூஸ் வளர்த்தார்கள். சிவப்பு மட்டும் போதாமல், நீலத்துக்குத் தனியே டியூப் லைட் வைத்தார்கள். நல்ல நீல எல்.இ.டி. அப்போது கிடையாது. 1995இல் விண்ணோடத்தில் எல்.இ.டி. ஒளியில் உருளைக்கிழங்கின் இலைத் துண்டுகளிலிருந்து சிறு கிழங்குகள் விளைந்தன. பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானில் நாகமுரா 1993இல் கொண்டுவந்தார். அகசாகி, அமானோ ஆகியோருடன் சேர்த்து 2014இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. மின்சாரத்தைச் சிக்கனமாக ஒளியாக்கும் சில்லுகள் அந்த இரண்டு நிறத்திலும் இருந்தன. எனவே அந்தக் கலவை சந்தைக்கு வந்தது.

வெள்ளை எல்.இ.டி.யும் அடிப்படையில் நீல எல்.இ.டி.தான். மேலே மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சு. அதில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இருக்கின்றன. ஆகவே வீட்டில் எரியும் சாதாரண வெள்ளை பல்பும் செடி விளக்குதான். ஊதா விளக்கில் வேறொரு தொல்லையும் உண்டு. அதன் கீழ் இலை கருப்பாகத் தெரியும். மஞ்சளித்திருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்த ஒளியில் உட்கார்ந்திருப்பதும் சுகமில்லை.

இந்த இருநூறு ஆண்டுக் கதையில் எனக்குப் பட்டது ஒன்று. விளக்கை அளக்க மனிதன் வைத்துக்கொண்ட அளவுகள் எல்லாம் மனிதக் கண்ணுக்கானவை. இங்கிலாந்தில் மெழுகுவத்தியைக் கொண்டு அளந்தார்கள். பிரான்சில் மணிக்கு 42 கிராம் எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கைக் கொண்டு அளந்தார்கள். இன்றைய லூமனும் லக்ஸும் அந்த வம்சத்துப் பிள்ளைகள்தான். நம் கண்ணோ மிகவும் அனுசரித்துப் போகும் உறுப்பு. வீட்டுக்குள் 200 லக்ஸ் இருந்தால் "நல்ல வெளிச்சமான வீடு" என்கிறோம். வெளியே ஒரு லட்சம். இந்த ஐந்நூறு மடங்கு வித்தியாசத்தைக் கண் நமக்குச் சொல்வதே இல்லை. இலைக்கு அந்தச் சலுகை கிடையாது. அது பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும்.

விலை குறைந்த கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2014இல், பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் பத்து ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு என்று அரசுத் திட்டம் வந்ததே, அது நாட்டிலேயே முதலில் நடந்த இடங்களில் ஒன்று புதுச்சேரி. அப்போது மொத்தக் கொள்முதலில் ஒரு பல்பின் விலை 310 ரூபாய். 2016இல் அதுவே 38 ரூபாய்க்கு இறங்கியது. சீமன்ஸுக்கு ஒரு எஞ்சின் தேவைப்பட்டது. நமக்கு ஒரு பிளக் பாயிண்ட் போதும்.

இனி வாங்கும் விஷயம். எங்கள் வீடு முதல் மாடி, வடக்குப் பார்த்த பால்கனி. மாடி ஏறித் தண்ணீர் ஊற்ற என் மனைவியின் முழங்கால் இடம் தராது. துளசியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். ஊதா பேனல் ஒன்றுக்கு 3,200 ரூபாய் சொன்னார்கள். என் கணக்கு இப்படிப் போனது.

ஒரு 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு, அது பார்க்கும் திசையில், சுமார் நூறு மெழுகுவத்திக்குச் சமம். ஒரு மீட்டர் தூரத்தில் 100 லக்ஸ். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு: அரை மீட்டரில் 400. அதிலும் பாதியானால், கால் மீட்டரில் 1,600. இருபது சென்டிமீட்டரில் 2,500. இரண்டு பல்பை அருகருகே வைத்தால் 5,000. அதே பல்பு கூரையில் தொங்கினால் செடிக்கு ஐம்பது லக்ஸ்கூடத் தேறாது. காசு செலவில்லாமல் வெளிச்சத்தை ஐம்பது மடங்கு கூட்டும் வழி, விளக்கைச் செடிக்குக் கிட்டே கொண்டுபோவதுதான். பழைய குண்டு பல்பை இப்படி வைத்தால் இலை பொசுங்கிவிடும். எல்.இ.டி. அவ்வளவு சுடாது. என்னைக் கேட்டால், வீட்டுச் செடிக்கு எல்.இ.டி. செய்த பெரிய உபகாரம் இதுதான்.

5,000 லக்ஸை 14 மணி நேரம் எரித்தால் மொத்தம் 70,000. உச்சிவெயில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அற்பமாகத் தோன்றும். ஆனால் உச்சிவெயில் முழுவதையும் இலையால் பயன்படுத்த முடியாது. மெதுவாக வரும் வெளிச்சத்தை அது சிந்தாமல் எடுத்துக்கொள்ளும். ஜன்னலில் வரும் கொஞ்ச வெளிச்சத்தோடு இதுவும் சேர்ந்தால் ஒரு துளசித் தொட்டி தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் காடாக வளரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

செலவு: பல்பு இரண்டு 220 ரூபாய். மேலே தகட்டு மூடி வைத்த ஹோல்டர், ஒயர் 180. தானாக எரிந்து அணையும் டைமர் 450. ஆக 850 ரூபாய். இரண்டு பல்பும் 14 மணி நேரம் எரிந்தால் தினம் கால் யூனிட், மாதம் ஏழரை யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் மாதம் நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

"என்னங்க, மாடத்தில விளக்கு வைக்கறது போய், விளக்குக்கு அடியில மாடத்தை வைக்கறீங்களே" என்றாள் மனைவி. மூன்று மாதத்தில் புதிய இலைகள் நெருக்கமாக வந்தன. சாய்ந்த தண்டைக் கிள்ளிவிட்டாள். இப்போது பூஜைக்கு வெளியில் வாங்குவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் பெரிதாக "1000 வாட்" என்று போட்டிருந்தால், சிறிய எழுத்தில் உண்மையில் இழுக்கும் மின்சாரம் எவ்வளவு என்று தேடிப் படியுங்கள். நூறு வாட் என்றிருக்கலாம். நீங்கள் காசு கொடுப்பது அந்த நூறுக்குத்தான்.

நிறத்துக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். வெள்ளை போதும். ஒரே வாட்டில் லூமன் அதிகம் உள்ள பல்பைப் பாருங்கள். கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலி கிடைக்கும். வெள்ளை விளக்குக்கு அது ஓரளவு உதவும். ஊதா விளக்கை அதைக் கொண்டு அளக்காதீர்கள். கண்ணுக்கான அளவு அங்கே பொய் சொல்லும்.

மணி பிளாண்டுக்கு ஒரு பல்பே தாராளம். புதினா, கற்பூரவல்லிக்கு இரண்டு. கீரை வளர்க்க ஆசையென்றால் பல்பு போதாது. 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டை, தட்டுக்கு மேல் ஒரு ஜாண் உயரத்தில் கட்டுங்கள். கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சைக்கு இந்தச் செலவே வேண்டாம். அவற்றின் பசிக்கு நம் பல்பு யானைக்குச் சோளப்பொரி. வெயில் விழும் இடம் இருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ராத்திரி எட்டு மணி நேரமாவது விளக்கை அணைத்துவையுங்கள். டைமர் இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஒயரும் தண்ணீரும் பக்கத்தில் இருப்பதால், தண்ணீர் ஊற்றும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊற்றுங்கள். பல்புக்கு மூடி அவசியம்; வெளிச்சம் செடி மேல் விழும், நம் கண்ணில் அடிக்காது.

இன்னொரு விஷயம். மொட்டை மாடிக்கு ஏற முடிந்தவர்கள், அல்லது ஏறித் தண்ணீர் ஊற்றப் பேரப்பிள்ளை இருப்பவர்கள், இந்த 850 ரூபாயையும் மிச்சப்படுத்தலாம். ஏற முடியாதவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். செடியைக் கொடுத்துவிடுவதற்கு முன்னால் இரண்டு பல்பு வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்.